பிக்-அப் எண்ணெய் குடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைத் தேடும் முறை

"அண்ணே, முன்னயெல்லாம் நூறு வெள்ளிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும். இப்ப முந்நூத்தி சொச்சத்துக்கே லைட் எரியுது. இன்ஜெக்டர் மாத்தணுமா?"

பினாங்கு மாநிலத்துப் பிறையில் பிக்-அப் பார்க்கிற ஒர்க்ஷாப்பில் இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் பாகம். பெரும்பாலும் பதில் "வேண்டாம், பொறுங்க" என்பதுதான். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன், ரேஞ்சர், நவாரா எதுவானாலும் நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் டர்போ டீசல். எண்ணெய் அதிகம் போவதற்கான காரணங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டி என்ன காட்டுகிறதோ அதைப் பிடித்து, காசு செலவாகாத சோதனையில் தொடங்கிப் பெரிய செலவுவரை கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்னால்: குடிப்பது வண்டியா, விலையா?

வெள்ளி (ரிங்கிட்) கணக்கை விடுங்கள். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அதற்கு முந்தைய நாள் நூறு வெள்ளிக்கு 46 லிட்டருக்கு மேல் கிடைத்தது. மறுநாள் 30 லிட்டர்கூட இல்லை. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடும் நல்ல வண்டி, ஒரே இரவில் நூறு வெள்ளிக்கு 510 கிலோமீட்டரிலிருந்து 330-க்கு இறங்கிவிட்டது. வண்டியில் ஒரு நட்டுகூட மாறவில்லை. அதன்பிறகு விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் வெள்ளியை வைத்து வண்டியின் உடல்நிலையைச் சொல்லவே முடியாது. லிட்டரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அளக்கும் முறை இதுதான். டேங்க்கை நிரப்புங்கள். பம்ப் முதல் முறை 'டக்' என்று நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். விலையை முழு வெள்ளியாக்கலாம் என்று சொட்டுச் சொட்டாக அமுக்க வேண்டாம்; டீசல் நுரைக்கும், ஒருமுறை நிரம்புவதற்கும் அடுத்த முறைக்கும் இரண்டு மூன்று லிட்டர்கூட வித்தியாசம் வந்துவிடும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு வழக்கம்போல ஓட்டுங்கள். குறைந்தது 300, 400 கிலோமீட்டர் ஓடியபின் அதே நிலையத்தில், அதே பம்பில், அதே பக்கம் நிறுத்தி, முதல் 'டக்' வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை உள்ளே போன லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டேங்க் கணக்கை நம்ப வேண்டாம், இரண்டு மூன்று டேங்க்கின் சராசரி வேண்டும். டேஷ்போர்டில் வரும் எண் பெரும்பாலும் வண்டிக்குச் சாதகமாகத்தான் பேசும். அதை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கைக்கு வரும் வண்டிகளில் 2.4, 2.5 லிட்டர் ஆட்டோ கியர் டீசல் பிக்-அப், ஊரும் ஹைவேயும் கலந்து ஓடினால் லிட்டருக்கு 10 முதல் 12 வரை தருகிறது. ஹைவேயில் நிதானமாகப் போனால் 13-ஐயும் தொடும். தினமும் ஜேமில் நிற்கும் வண்டிக்கு 8, 9 என்பது நோய் இல்லை. உங்கள் வண்டியின் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியோடு வேண்டாம். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் மழை, ஜேம், பாரம் என்று எதுவாகவும் இருக்கலாம். பத்தைத் தாண்டினால்தான் தேட வேண்டும்.

அளவெடுக்கும்போதே இன்னொரு கேள்வி: டயர் அளவு மாற்றினீர்களா? 265/65 ஆர்17 கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட்டால் சக்கரத்தின் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 831-க்குப் போகிறது. வண்டி உண்மையில் 107 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 100 என்று காட்டும். எண்ணெய் கூடுதலாகப் போகாமலேயே கணக்கில் ஏழு சதவீதம் காணாமல் போகும். அதோடு பெரிய டயரின் எடையும் சேர்ந்து உண்மையிலேயே கொஞ்சம் குடிக்கும். கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டி மீட்டரோடு ஒப்பிட்டுவிட்டு மேலே போங்கள்.

பி10-க்குப் பதில் பி7 அடித்தால் அதிகம் ஓடுமா என்று கேட்பார்கள். பி10 டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த மீத்தைல் எஸ்டர் பத்து சதவீதம், பி7-ல் ஏழு சதவீதம். அந்த மூன்று சதவீதக் கலப்பால் ஓட்டத்தில் வரும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பி7-க்கு லிட்டருக்கு 20 காசு கூடுதல். வேறு காரணத்துக்காக அடிக்கிறீர்களானால் அது உங்கள் விருப்பம். மிச்சம் பிடிக்க என்றால் வேண்டாம்.

அறிகுறி: ஓரிரு வாரத்துக்குள் திடீரென விழுந்தது, வேறு கோளாறு எதுவும் தெரியவில்லை

போனட்டைத் திறக்காதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்று முதலில் யோசியுங்கள்.

4எச்-இல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை; பின்சக்கரம் மட்டும் இழுப்பது 2எச்) விட்டுவிட்டீர்களா? டுரியான் காலத்தில் பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் தோட்டத்துச் சேற்றிலிருந்து வெளியே வந்த வண்டி, குமிழைத் திருப்ப மறந்து அப்படியே பினாங்குப் பாலம் ஏறி பெருநிலத்துக்கு வந்துவிடும். நம் பிக்-அப்களில் பெரும்பாலானவற்றுக்கு 4எச் காய்ந்த தார்ச்சாலைக்கானது இல்லை. முன் பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வரும். வளைவில் திரும்பும்போது வண்டி முக்கித் திணறினால் அதுதான். டேஷ்போர்டில் சின்னம் எரிகிறதா பாருங்கள். 2எச்-க்கு மாற்றியும் சின்னம் அணையவில்லை என்றால் முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மோட்டாரோ சுவிட்சோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ஒர்க்ஷாப் வேலை.

வண்டியை இப்போது யார் ஓட்டுகிறார்கள்? பின்னால் நிரந்தரமாக ஏறி உட்கார்ந்த சாமான் என்ன? வேலை முடிந்த தளத்திலிருந்து எடுத்த கருவிப் பெட்டி, மிச்ச சிமெண்ட் மூட்டை, ஜெனரேட்டர் எல்லாம் மாதக்கணக்கில் இலவசப் பயணம் போகும்.

இரவில் வெளியே நிற்கும் வண்டி என்றால் டேங்க் மூடியையும் பாருங்கள். பூட்டைச் சுற்றிக் கீறல், டேங்க் வாயின் கீழே டீசல் வழிந்த தடம், இரவு பார்த்த முள் காலையில் கீழே இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தேட வேண்டியது எஞ்சினில் இல்லை.

இவை எதுவும் பொருந்தவில்லையா? அடுத்த தலைப்பின் உருட்டும் சோதனையைச் செய்யுங்கள். அதில் தேறினால் கரும்புகைத் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: ஆக்சிலேட்டரை விட்டதும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வேகம் இறங்குகிறது

இன்ஜெக்டர் மேல் விழும் பழியில் பாதி உண்மையில் இந்தத் தலைப்பைச் சேர்ந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாகக் கிடக்கும். சமதளமான இடம் பார்த்து, முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது. பிரேக், ஸ்டியரிங் இரண்டும் கனத்துவிடும். நல்ல வண்டி சோம்பலாக உருண்டு நெடுந்தூரம் போய் நிற்கும். சட்டென்று அடங்கினால் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. திரும்பி எதிர்த்திசையிலும் ஒருமுறை செய்யுங்கள், கண்ணுக்குத் தெரியாத சரிவு ஏமாற்றும்.

பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டிவிட்டு மெதுவாக நிறுத்துங்கள். துன் சார்டோன் மலைச்சாலையில் இறங்கி வந்த கையோடு இதைச் செய்தால் பயனில்லை, நான்கு சக்கரமும் கொதிக்கும். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் ரிம் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சூடு தானாக வந்து அடிக்கும். தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. ஒரே அச்சின் இடது வலதை ஒப்பிடுங்கள். முன்னையும் பின்னையும் ஒப்பிட வேண்டாம், முன்பிரேக் எப்போதும் கொஞ்சம் கூடுதல் சூடாகவே இருக்கும்.

*ஒரு முன்சக்கரம் மட்டும் கொதிக்கிறது:* பெரும்பாலும் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின். கடலோர உப்புக் காற்றும், வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டியும் என்றால் ரப்பர் உறைக்குள் தண்ணீர் போய் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிவிடும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். லேசாக உரசும் சத்தம் இருக்கலாம், ஆனால் ஒரு சுற்றாவது தானாகப் போக வேண்டும். பேடைக் கழற்றினால் இரண்டில் ஒன்று மட்டும் தகடுவரை தேய்ந்து, இன்னொன்று தடிமனாக இருக்கும். அதைப் பார்த்தால் வேறு சாட்சி தேவையில்லை. பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் தடவினால் போதும். சாதாரண கிரீஸ் உருகி ரப்பரைத் தின்றுவிடும். ஸ்லைடு பின் நன்றாக நகர்ந்தும் பிடிப்பு விடவில்லை என்றால் பிஸ்டன் ஒட்டியிருக்கும், அல்லது பிரேக் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி, போன எண்ணெயைத் திரும்ப விடாமல் இருக்கும். பிரேக் மிதித்து விட்டபின், பிரேக்கில் காற்று எடுக்கும் ப்ளீடர் நட்டைத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் முதலில் ஹோஸைச் சந்தேகியுங்கள். காற்று எடுக்கத் தெரியாதவர்கள் அந்த நட்டில் கை வைக்க வேண்டாம். இங்கிருந்து ஃபோர்மேன் வேலை.

*பின்சக்கரம் இரண்டும் சூடு:* ஹேண்ட்பிரேக் கேபிளை யாரோ அதிகம் இறுக்கியிருக்கிறார்கள், அல்லது கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பவில்லை. புது பிரேக் ஷூ போட்ட பிறகு இந்தப் புகார் வந்தால் டிரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும்.

*சூட்டோடு "ம்ம்ம்" என்று வேகத்துக்கேற்ப உயரும் இரைச்சல்:* சக்கர பேரிங். எண்ணெய்க் கணக்கை மறந்துவிட்டு அன்றைக்கே ஒர்க்ஷாப் போங்கள்.

*எல்லாச் சக்கரமும் சாதாரணச் சூடு, ஆனாலும் உருளவில்லை:* டயர் காற்று. காலையில் வண்டி ஓடும் முன் அளக்க வேண்டும். எவ்வளவு என்பதை என்னிடம் கேட்காதீர்கள், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும். பாரம் ஏற்றினால் பின்டயருக்கு வேறு எண் அதிலேயே இருக்கும். எண்ணெய் நிலையத்துக் காற்றுப் பம்பு கிலோபாஸ்கலில் காட்டினால் 100 கிலோபாஸ்கல் ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ. பிறகு டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் வெளியிலிருந்து உள்ளேயும், உள்ளிருந்து வெளியேயும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் அரம்போல் சொரசொரப்பு என்றால் அலைன்மென்ட் போயிருக்கிறது. சஸ்பென்ஷன் உயர்த்திய வண்டிகளில் இது சகஜம்.

அறிகுறி: கரும்புகை, இழுவை குறைவு

வண்டி உருளுகிறது, ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, பின்கண்ணாடியில் கறுப்பாகத் தெரிகிறது. டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை.

ஏர் பில்டரில் தொடங்குங்கள். கழற்றிச் சூரிய வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், மடிப்புகளுக்கிடையே வெளிச்சம் வர வேண்டும். பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் கட்டுமானத் தளங்களுக்குள் போய்வரும் வண்டிக்குச் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் செல்லாது, பாதியிலேயே அடைத்துவிடும். காற்றழுத்தக் குழாயை நெருக்கி ஊதிச் சுத்தம் செய்தால் தாள் கிழிந்து மண் டர்போவுக்குள் போகும். புதிது வாங்குங்கள், விலை ஒரு குடும்பம் நாசி கண்டார் சாப்பிடும் காசுதான். பெட்டி மூடியின் கிளிப் எல்லாம் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பில்டர் சுத்தமா? அடுத்தது டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்கள். மேலே பார்த்தால் புதிதுபோல் இருக்கும். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கிளாம்ப் கடிக்கும் இடத்தில் இருக்கும். எஞ்சின் ஆறியபின் விரலைக் கீழே விட்டுத் தடவுங்கள். ஹோஸ் உள்ளே லேசாக எண்ணெய்ப் பசை இருப்பது இயல்பு. வெளியே ஒரே இடத்தில் கறுப்பாக ஈரம் படர்ந்து, அதில் தூசி அப்பியிருந்தால் அங்கேதான் காற்று வெளியேறுகிறது. சோப்புத் தண்ணீர் தெளித்துவிட்டு உதவிக்கு ஒருவரை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொன்னால் குமிழி காட்டிக்கொடுக்கும். கையும் சட்டையும் ஃபேன் பெல்ட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். ஓட்டும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும் "ஷ்ஷ்" என்று கேட்பதும் இதுவே. சில நேரம் கிளாம்பை இறுக்கினால் முடிந்தது, சில நேரம் ஹோஸ் மாற்ற வேண்டும்.

அதற்கு அடுத்தது, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார். ஏர் பெட்டிக்குப் பின்னால் குழாயில் இரண்டு திருகில் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், விரலோ பஞ்சோ படக்கூடாது. முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

இவ்வளவும் செய்து புகை நிற்கவில்லை என்றால் ஒர்க்ஷாப். அங்கே, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா, டர்போவின் ஆக்சுவேட்டர் வேலை செய்கிறதா என்று ஸ்கேனர் போட்டுப் பார்ப்பார்கள். இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். பல வண்டிகளில் எஞ்சின் லைட் நிரந்தரமாக எரியும், பிறகு உண்மையான கோளாறு வந்தால் அந்த லைட் எதற்கு எரிகிறது என்றே தெரியாது. கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

புகை நீலமாக இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

அறிகுறி: எஞ்சின் வெப்ப முள் நடுவுக்கு வருவதேயில்லை, அல்லது ஹைவேயில் கீழே இறங்குகிறது

எஞ்சின் சூடேறும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி ஒட்டிக்கொண்டது. நம் வெயிலில் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பழைய லோரிக்காரர்களிடம் உண்டு. செகண்ட்ஹேண்ட் வாங்கிய வண்டி என்றால் அது உள்ளே இருக்கிறதா என்றே சந்தேகப்படுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைக்கும்வரை கூடுதல் டீசலைத்தான் கொடுக்கும்.

டேஷ்போர்டு முள்ளை முழுக்க நம்ப முடியாது. வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் சின்ன ஓபிடி கருவியைக் கைப்பேசியோடு இணைத்து ஹைவேயில் கூலண்ட் வெப்பத்தைப் பாருங்கள். எண்பதுகளில் நிலையாக நின்றால் நல்லது. ஜேமில் 85 காட்டிவிட்டு, ஜூரு டோல் தாண்டி வேகமெடுத்ததும் 65, 70-க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் மாற்றுங்கள். பாகத்தின் விலை குறைவு, வேலையும் சுலபம். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது திறக்க வேண்டாம்.

அறிகுறி: ஊருக்குள் மட்டும் மோசம், ஹைவேயில் பழைய கணக்கு வருகிறது

வண்டியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் விடும் நேரத்தில் பாலம் ஏறுபவருக்கு நான் என்ன சொல்லிவிட முடியும்? ஏர்கோன் போட்டு நின்ற இடத்தில் உறுமும் டீசல் எஞ்சின் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர்வரை எரிக்கும். தினம் இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்றால் பத்து லிட்டர். வண்டி நகராமலே நூறு கிலோமீட்டர் போய்விட்டது. சாமான் இறக்கும்போது அணைத்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஏர்கோன் கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறதா? கண்டென்சர் மண்ணால் அடைத்திருந்தாலோ, வாயு குறைந்திருந்தாலோ குளிர் வராமல் அது ஓய்வே எடுக்காது.

அறிகுறி: ஹைவேயில் மட்டும் மோசம்

ஊருக்குள் சரி, ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போனால் குடிக்கிறது. வண்டியின் உருவத்தைப் பாருங்கள். ஏணி கட்டும் இரும்புச் சட்டம், கூரை ரேக், உயர்த்திய சஸ்பென்ஷன், கரடுமுரடான எம்டி டயர், ஒவ்வொன்றும் வாங்கும். காலி ரேக்கும் காற்றைத் தடுக்கும், கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். டெயில்கேட்டைத் திறந்துவிட்டு ஓட்டினால் மிச்சமாகும் என்பது வெறும் நம்பிக்கை. மூடியிருப்பதே நல்லது.

வேகம்தான் பெரிய விஷயம். 90-இலிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பெட்டிபோன்ற பிக்-அப்புக்கு அது காரைவிட அதிகம் வலிக்கும். சந்தேகமிருந்தால் பினாங்கின் இரண்டாவது பாலத்தில் போட்டுப் பாருங்கள். 24 கிலோமீட்டர், சிக்னல் விளக்கு கிடையாது, பெரும்பாலும் சமதளம். ஒரே சீரான வேகத்தில் போய் அதேபோல் திரும்புங்கள், கடல் காற்று ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் ஈடுகட்டும். டேஷ்போர்டில் காட்டும் சராசரி அங்கே நன்றாக இருந்தால் வண்டி நலம், கால்தான் கனம்.

அறிகுறி: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

மேனுவல் வண்டியில் நான்காம் கியரில் ஐம்பதில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள். முள் துள்ளி ஏறி, வேகம் பின்னால் சாவகாசமாக வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடையும் வரும். தள்ளிப்போட்டால் ஃப்ளைவீலும் சேர்ந்து போகும்.

ஆட்டோவில் 100 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது முள் எங்கே நிற்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இப்போது இருநூறு முந்நூறு மேலே நிற்கிறது என்றால் கன்வெர்ட்டர் லாக்-அப் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்காமல் நேராகப் பூட்டுவது) பிடிக்கவில்லை, அல்லது கடைசி கியருக்குப் போகவில்லை. ஓவர்டிரைவ் பொத்தான், ஸ்போர்ட் மோட் தவறி அழுந்தியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நேராக ஆட்டோ கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கும் கடைக்கு. கியர் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்ற வாக்குறுதியோடு யார் வந்தாலும், முதலில் ஸ்கேனரில் லாக்-அப் நிலையைக் காட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: டீசல் வாடை, வண்டி நின்ற இடத்தில் ஈரம்

இரவில் எஞ்சின் அடியிலும் டேங்க் அடியிலும் அட்டைப் பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேடுங்கள். டீசல் பில்டரில் தண்ணீர் எடுக்கும் திருகைச் சரியாக மூடாதது, பில்டர் மாற்றும்போது ரப்பர் வளையம் நழுவியது, இன்ஜெக்டரிலிருந்து டேங்க்குக்குத் திரும்பும் மெல்லிய ஹோஸ் வெடித்தது, இவைதான் வழக்கமானவை. மூன்றும் சின்னச் செலவு.

ஒரு எச்சரிக்கை. இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். கசிவைத் தேடுகிறேன் என்று எஞ்சின் ஓடும்போது அங்கே விரலைக் கொண்டுபோகாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது சாதாரணக் காயம் இல்லை, அறுவைச் சிகிச்சைவரை போகும். அந்தக் குழாய்ப் பக்கம் ஈரம் தெரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: டிப்ஸ்டிக்கில் எஞ்சின் ஆயில் அளவு கூடிக்கொண்டே போகிறது

எக்ஸாஸ்ட்டில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி) உள்ள வண்டிகளில் பார்க்க வேண்டியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டு, மார்க்கெட் போய், வீடு திரும்பும் அளவுக்கு மட்டும் ஓடும் வண்டி, கரியை எரிக்கத் தொடங்கி முடிக்காமலே அணைந்துவிடும். மறுநாள் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் கூடுதல் டீசல், அதில் கொஞ்சம் ஆயிலோடும் கலக்கும். நிறுத்தும்போது எஞ்சின் வேகம் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்தும், அணைத்தபின் ஃபேன் ஓடிக்கொண்டும் இருந்தால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். வாரத்துக்கு ஒருமுறை ஹைவேயில் இருபது, முப்பது நிமிடம் சீராக ஓட்டுங்கள்.

ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, துடைத்த துணியில் டீசல் வாடை அடித்தால் அப்படி ஓட்டவும் வேண்டாம். ஆயில் மாற்றி, டிபிஎஃப்பை ஒர்க்ஷாப் கருவியால் எரிக்க வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அறிகுறி: ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியது, மேலே சொன்ன எதுவும் இல்லை

டீசல் பில்டரை எப்போது மாற்றினீர்கள்? எஞ்சின் ஆயில் கையேட்டில் சொன்ன தரம்தானா, அல்லது கடையில் இருந்ததை ஊற்றினார்களா? இரண்டும் சரி என்றால், இப்போது இன்ஜெக்டரைப் பற்றிப் பேசலாம். காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று அடிப்பது, நின்ற இடத்தில் எஞ்சின் நடுங்குவது, ஸ்டார்ட் எடுக்க நேரமாவது ஆகியவை கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சந்தேகத்துக்கு நான்கையும் மாற்றாதீர்கள், ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்ற எண் வரும். ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நிற்கிறதா என்று கேளுங்கள். அடுத்தது ரிட்டர்ன் சோதனை: நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு புட்டியில் பிடித்தால், கெட்டுப்போனதன் புட்டி மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடும். நீங்களே பக்கத்தில் நின்று பார்க்கலாம், கொஞ்ச நேர வேலைதான். இந்த இரண்டையும் செய்யாமல் விலை சொல்லும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, இன்ஜெக்டரைப் பெஞ்சில் வைத்துச் சோதிக்கும் டீசல் பம்ப் கடைக்குப் போங்கள். ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதும் என்று அங்கே சொல்லிவிடுவதும் உண்டு. புதிதாக மாட்டினால் அதன் தலையில் இருக்கும் குறியீட்டை எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிக்க வேண்டும். பதித்தார்களா என்று கேட்டு, கழற்றிய பழையதையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.